மண்ணு மாடியில, தண்ணி கீழ

அந்த ஓரத்துல உக்காராதீங்க அண்ணே, அந்தப் பக்கம் கால் ஆடும். இப்படி நகந்து வாங்க. போன வாரம் ஒருத்தர் நம்பி உக்காந்து நேரா தரைக்குப் போயிட்டாரு. பெஞ்சை மாத்தணும்னா அதுக்கு வேற எங்கயோ எழுதிக் கேக்கணுமாம். இங்க விவசாயத்தைக் காப்பாத்தறதோட சரி, விவசாயி உக்காரறதெல்லாம் இவங்க பொறுப்புல வராது.

நீங்க நின்னீங்களே, அது உங்க வரிசையே இல்லைங்க. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். அங்க நிக்கிறவங்க பூரா பூச்சி மருந்துக் கடை வச்சிருக்கறவங்க, லைசென்ஸ் புதுப்பிக்க வந்திருக்காங்க. அவங்க பின்னாடியே நின்னீங்கன்னா சாயங்காலம் உங்க கையிலயும் ஒரு மருந்துக்கடை லைசென்ஸைக் குடுத்து அனுப்பிடுவாங்க. வேணாம், பைலைப் பிரிக்க வேணாம். வெளிய நீட்டிக்கிட்டு இருக்கற படமே போதும். நிலத்து வரைபடம், பள்ளத்துப் பக்கமா ஒரு சதுரம், அதுக்கு நீலக் கலர். உங்க பொண்ணு அடிச்சதா? கோட்டுக்கு வெளிய போகாம அழகா அடிச்சிருக்கு. பண்ணைக் குட்டைதானே? வெறும் மண்ணுக் குட்டையா, தண்ணி இறங்காம பிளாஸ்டிக் ஷீட் விரிச்சதா?

ஷீட்டா. ம்.

சரி, அப்ப வசதியா உக்காருங்க. உங்களுக்கு வேண்டிய அய்யா இன்னும் வரல. வந்தா எனக்குத் தெரிஞ்சிடும், அந்தப் பியூன் சட்டைப் பட்டனைப் போடுவாரு. அதுவரைக்கும் நான் வழி சொல்றேன். ஓசியில இல்ல, கடைசியில ஒண்ணு கேப்பேன், மாட்டேன்னு சொல்லக் கூடாது. பயப்படாதீங்க, பணம் இல்ல. ஓட்டும் இல்ல.

கிணறு வத்திப் போச்சா? மழை பேஞ்சா மட்டும் தண்ணி நிக்காம, மேல் மண்ணையும் அள்ளிக்கிட்டுப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போயிடுதா? உங்க மண்ணுல அவரு நல்லா விளைய வைப்பாரே. நன்றியாவது சொல்றாரா? இந்த மழைக்குள்ள குட்டை வெட்டலைன்னா நிலத்தைக் குத்தகைக்கு விட்டுட்டு மச்சான் பார்த்து வச்சிருக்கற வாட்ச்மேன் வேலைக்கு டவுனுக்குப் போயிடறதா முடிவு பண்ணிட்டீங்களா. சரிதான். அப்ப இன்னைக்கு அய்யா கையெழுத்துப் போட்டா நீங்க விவசாயி, போடலைன்னா யாரோ ஒருத்தர் கேட்டுக்குக் காவல். போட வச்சிடலாம், இருங்க.

முதல்ல இந்தக் கட்டடத்தைப் புரிஞ்சுக்கணும். உங்க நிலத்துல மழை பேஞ்சா மண்ணும் தண்ணியும் ஒண்ணாத்தானே ஓடுது? இங்க அப்படியெல்லாம் ஓடக் கூடாது. மண்ணு மாடியில. தண்ணி கீழ, இந்த வராண்டா கடைசி. மரம் பின்பக்கக் கட்டடம், வண்டி நிறுத்தற இடத்தைத் தாண்டிப் போகணும். தண்ணி என் மண்ணை அடிச்சுக்கிட்டுப் போகுதுங்கன்னு மட்டும் வாய் தவறிச் சொல்லிடாதீங்க. மாடிக்காரர் இது தண்ணிப் பிரச்சினைன்னு கீழ அனுப்புவாரு, கீழ இருக்கறவரு மண்ணுதானே போகுது, மாடிக்குப் போங்கன்னுவாரு. படி ஏறி இறங்கியே முட்டி தேஞ்சிடும். முட்டிக்கு வேற ஆபீஸ், அதாவது ஆஸ்பத்திரி.

எப்படித் தெரியுமாவா? எங்க வீட்டுக்காரர் தயவுதான். ஊர்ல அவரு பேரே ஸ்கீமு. அப்பா அம்மா வச்ச பேரு ரேஷன் கார்டுல மட்டும்தான் இருந்துச்சு. புதுசா ஊருக்கு வரவங்க ஸ்கீமு வீடு எதுன்னு கேட்டாத்தான் வழி காட்டுவாங்க. நான் ஸ்கீமு பொண்டாட்டி. மத்த ஆம்பளைங்க சினிமா பார்ப்பாங்க, சீட்டாடுவாங்க. இவருக்கு எங்க எந்தத் திட்டம் வந்திருக்குன்னு தெரிஞ்சுக்காட்டி சோறு இறங்காது. இதுக்குன்னு தனியா ஒரு வெள்ளைச் சட்டை, ஆபீஸ் சட்டைன்னே பேரு, துவைச்சு மடிச்சு நான் தேய்ச்சு வைக்கணும். என் தம்பி கல்யாணத்துக்குச் சாயம் போன சட்டையில வந்தாரு. கேட்டா, உன் தம்பி என்ன எனக்கு மானியமா தரப் போறான்னாரு.

மொதல்ல மண்ணுக்குத்தான் மனு போட்டாரு. மண் அரிப்புத் தடுக்க வரப்பு எடுத்துக் குடுக்கற திட்டம். மாடி அய்யா கேட்டாராம், மண்ணு போச்சுங்கறீங்களே, ஆதாரம் எங்கன்னு. இவரு ரொம்ப விவரம், பள்ளம் விழுந்ததைப் படம் புடிச்சுக்கிட்டுப் போயிருந்தாரு. இது பள்ளத்தோட படம், போன மண்ணோட படம் எங்கன்னாராம். மண்ணு இருந்தா நான் ஏங்க வரப் போறேன்னு கேக்க வேண்டியதுதானே? கேக்க மாட்டாரு. அரசாங்கம்னா அவருக்கு அப்படி ஒரு மரியாதை. எதிர்த்துப் பேசற வாயெல்லாம் வீட்டுக்குள்ள என்கிட்ட மட்டும்தான்.

அப்புறம் மரம். ஓடைக்கரை ஓரமா ஒரு பட்டை உழாம விட்டா, கரை இடிஞ்சு விழாம இருக்க அங்க நட கன்னு இலவசம், பராமரிக்க உதவித்தொகை. நல்ல திட்டம்தான், நான் குறை சொல்லல. கன்னு வந்து சேர்ந்தது நல்ல கோடையில. தண்ணி வேணும்னா கீழ போய்க் கேளுங்கன்னுட்டாங்க. ஒரு மாசத்துல கன்னெல்லாம் குச்சி. அடுப்புக்காவது ஆகட்டுமேன்னு புடுங்கப் போனேன். எண்ண வருவாங்கடி, எண்ணிட்டுப் போனப்புறம் எடுத்துக்கோன்னு கையைப் புடிச்சாரு. எண்ண வந்தவரும் மகராசன், குச்சி அத்தனையும் மரம்னு எழுதிட்டுப் போயிட்டாரு. கணக்குப்படி எங்ககிட்ட ஒரு காடு இருக்கு அண்ணே. விறகுக்குத்தான் நான் கடைக்குப் போறேன்.

சிரிங்க, சிரிங்க. சிரிச்ச முகமாப் போனா சீக்கிரம் வேலை நடக்கும்.

இணையத்துலயா? அதையும் பார்த்தாச்சு. எல்லாம் இணையத்துல இருக்கு, எதுக்கு அலையறீங்கன்னு அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு வெளிப்பக்கமா ஒட்டியிருக்காங்க பாருங்க. அந்தப் பெட்டிச் சாவி யார்கிட்ட இருக்குன்னு யாருக்கும் தெரியாது, அதனால உள்ள இருக்கற அறிவிப்பு என் பையன் பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னாடி ஒட்டினது. அவன் இப்ப வேலைக்குப் போயாச்சு. இணையத்துல போய் என்ன பயிர்னு கேட்டா ஒரு வரிசை வருது, அதுல நாங்க வைக்கிற பயிர் மட்டும் இல்ல. கடைசியில மற்றவைன்னு ஒண்ணு இருந்துச்சு. அதைத் தொட்டோம். அதுல இருந்து எங்களுக்கு வர சேதியெல்லாம் மற்றவை பயிரிடும் விவசாயி அவர்களுக்குன்னுதான் வரும். மற்றவைக்கு இந்த மாசம் உரம் போடுங்கன்னு அறிவுரை வேற.

இப்ப முக்கியமான விஷயம். இதை எவனும் உங்களுக்குச் சொல்ல மாட்டான். உள்ள போய், எனக்கு என்ன திட்டம் இருக்குன்னு கேக்கவே கேக்காதீங்க. அப்படிக் கேட்டா உங்களைப் பார்த்தாலே அவங்களுக்கு வேலை அதிகமான மாதிரி இருக்கும். எதுல ஆள் குறையுதுங்கன்னு கேளுங்க. ஒவ்வொரு திட்டத்துக்கும் மேல இருந்து ஒரு இலக்கு வச்சிருப்பாங்க, இந்த வருஷம் இத்தனை குட்டை, இத்தனை வரப்புன்னு. மழைக்காலம் நெருங்கறப்ப எண்ணிக்கை எட்டாம முழிச்சுக்கிட்டு இருப்பாங்க. அப்பப் போய் நீங்க ஒரு ஆளா நின்னீங்கன்னா உங்களுக்கு நாற்காலி வரும், டீ வரும். போன வாரம் வாசல்ல நிக்க விடாதவரு இந்த வாரம் வீட்ல எல்லாரும் சௌக்கியமாம்பாரு. எங்க வீட்டுக்காரர் அலைஞ்சு அலைஞ்சு கண்டுபுடிச்ச வித்தை இதுதான். இந்த வித்தையைக் கண்டுபுடிச்சதுக்கு அவருக்கு ஒரு பட்டமே குடுக்கலாம். குடுக்கல, குட்டை குடுத்தாங்க.

ஆமா, எங்களுக்கும் குட்டைதான். ஷீட் விரிச்சதுதான். இதே நீலக் கலர்தான் அவரும் அடிச்சாரு.

வெட்டறது கீழ் ஆபீஸ், ஷீட் அதுக்குப் பக்கத்து ரூம். ரெண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது, ஒரு சீலிங் ஃபேனுக்காக வந்த சண்டையாம். அதனால ரெண்டு பேர்கிட்டயும் மத்தவரைப் பத்தி ஒரு வார்த்தை பேசாதீங்க. குழி வெட்டி முடிச்சு ஒரு மழை வரைக்கும் ஷீட் வரல. அந்த மழைத் தண்ணியெல்லாம் மண்ணு குடிச்சிடுச்சு. அப்புறம் வந்துச்சு. கறுப்பா, பெருசா, ஒரு சுருக்கம் இல்லாம விரிச்சாங்க. அடுத்த மழைக்குத் தளும்பத் தளும்ப நின்னுச்சு அண்ணே. அன்னைக்கு அவரு மூஞ்சியை நீங்க பார்த்திருக்கணும். மூத்தவன் பொறந்தப்பக்கூட அப்படி இளிக்கல. வரவங்க போறவங்களை எல்லாம் இழுத்துட்டு வந்து காட்டுவாரு. பார்த்துட்டுப் போறவங்களுக்கு நான் டீ போடணும். ஏங்க, இதென்ன அருங்காட்சியகமான்னு கேட்டேன். உனக்குப் பொறாமைன்னாரு. குட்டை மேல எனக்குப் பொறாமையாம்.

தண்ணி கீழ இறங்காது, அந்த வேலையை ஷீட் சுத்தமாச் செய்யும். இறங்கறதும் இல்ல, ஏறறதும் இல்ல. கொஞ்ச நாள்ல பாசி புடிச்சு வழவழன்னு ஆயிடும். தவளை உள்ள விழுந்துச்சுன்னா அதுக்கு வெளிய வர வழி இல்ல, சுத்திச் சுத்தி வரும். இவரு காலையில எழுந்ததும் மூங்கில் கழியில ஒரு கூடையைக் கட்டி உள்ள விட்டு ஒவ்வொண்ணா எடுத்து வெளிய விடுவாரு. வீட்ல ஒரு குடம் தண்ணி தூக்கித் தர மாட்டாரு, தவளைக்கு மட்டும் சேவகம். அதையும் கேலி பண்ணுவேன், தவளை மீட்புத் திட்டத்துக்கு ஆபீஸ்ல போய்ப் பதிவு பண்ணிட்டு வாங்கன்னு. என்கிட்ட சொல்லாம நெசமாவே ஒருநாள் யோசிச்சிருப்பாரு.

வேலியா? கேட்டா நல்லா இருக்கும்தான். கேளுங்க. நாங்களும் கேட்டோம். அதுக்கு இவருகூட நானே வந்தேன். குட்டை அய்யா ரொம்பப் பொறுமையா விளக்கினாரு. குழி அவரு பொறுப்பு. ஷீட் பக்கத்து ரூம். வேலின்னா அது மிருகம் வராம தடுக்கறது, அதனால பின்பக்கக் கட்டடம். பின்பக்கம் போனோம். உங்க பக்கம் காட்டுப்பன்னி வருதா, யானை வருதான்னாங்க. வரலைங்கன்னோம். மிருகம் இல்லாத ஊருக்கு வேலி எதுக்கும்மான்னாங்க. சரி, உள்ள இறங்கி ஏற ரெண்டு படியாவது, புடிச்சுக்க ஒரு கம்பியாவதுன்னு திரும்பக் கீழ வந்து கேட்டேன். அந்த அய்யா புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துட்டுச் சொன்னதை அப்படியே சொல்றேன். தண்ணி நிக்கிறது எங்க பிரிவும்மா, ஆள் விழறது எங்க பிரிவுல வராது. தப்பா சொல்லல, மரியாதையாத்தான் சொன்னாரு. எழுந்து நின்னு கதவு வரைக்கும் வந்து வழியனுப்பினாரு.

பியூனையா பார்க்கறீங்க? அவரு பட்டன் இன்னும் திறந்துதான் இருக்கு. உங்க போன் அடிக்குது பாருங்க, எடுங்க. வீட்லயா? சரியான ஆளைப் பார்த்து விசாரிச்சுக்கிட்டு இருக்கேன்னு சொல்லுங்க, பொய் இல்ல.

பொண்ணு பேசிச்சா? என்ன சொல்லுது? குட்டையில வாத்து விடலாமான்னு கேக்குதா. ம். வாத்து விடலாம். வாத்துக்கு றெக்கை இருக்கு.

இப்ப பலகை. அதை நல்லாக் கேட்டுக்கங்க, ஏன்னா குட்டையைவிடப் பலகைதான் முக்கியம். வேலை முடிஞ்சதும் கரையில ஒரு பலகை நடணும். திட்டத்தோட பேரு, பயனாளி பேரு, நீளம், அகலம், ஆழம். அது நம்ம செலவு. தகரத்துல எழுதுங்கன்னாங்க. இவரு மிச்சம் புடிக்கிறேன்னு வீட்ல கிடந்த மரப்பலகையில எழுதிட்டாரு. ஆசைப்பட்டுத் தன் பேரைப் பெருசா, திட்டத்துப் பேரைச் சின்னதா எழுதிட்டாரு. அதிகாரி பார்த்துட்டு, குட்டையை நீங்க அரசாங்கத்துக்குக் குடுத்தீங்களா, அரசாங்கம் உங்களுக்குக் குடுத்துச்சான்னு கேட்டாராம். அழிச்சு மறுபடி எழுதினாரு. அப்புறம் அந்தப் பலகை, தண்ணி, பயனாளி மூணும் ஒரே படத்துல விழணும். அந்தப் படம் மேல போனாத்தான் பைல் முடியும், ஷீட்டோட மானியம் வரும்.

மொதல் படத்துல பலகை தெரிஞ்சுது, தண்ணி தெரியல. தள்ளுபடி. அடுத்த படத்துல தண்ணி இருந்துச்சு, பலகையில வெயில் பட்டு எழுத்து தெரியல. தள்ளுபடி. இன்னொண்ணுல எல்லாம் சரி, பயனாளி கண்ணை மூடிட்டாரு. பயனாளி தூங்கறாரான்னு மேல இருந்து கேட்டு எழுதியிருந்தாங்க. அதனால நீங்க ஒண்ணு பண்ணுங்க, பலகையைத் தகரத்துலயே எழுதுங்க. ரெண்டு கால் வச்சு, ஆழமாக் குழி தோண்டி, சிமெண்ட் போட்டு நடுங்க. தண்ணிகிட்ட நடாதீங்க. கரையை விட்டு நல்லாத் தள்ளி நடுங்க. தள்ளி நட்டா படத்துல விழாதுன்னு சொல்வாங்க, சொல்லட்டும், நடுங்க.

இல்ல, கோபமெல்லாம் இல்ல அண்ணே. குரல் அப்படி வந்துடுச்சு.

மத்தபடி கவனிப்புக்குக் குறைவே இல்ல. இப்பவும் மாசா மாசம் எங்கயோ இருந்து போன் வரும். ஒரு பொண்ணு, தேன் மாதிரி குரல். பயனாளி திட்டத்துல திருப்தியா இருக்காரான்னு கேக்கும். திருப்தியா இருக்காரும்மான்னு சொல்லுவேன். ஏதாவது குறை சொன்னாராம்மான்னு கேக்கும். ஒரு குறையும் சொல்லலம்மான்னு சொல்லுவேன். அது சந்தோஷமா நன்றி சொல்லிட்டு வச்சிடும். அதுவும் பாவம், யார் வீட்டுப் பொண்ணோ, கேக்கச் சொல்லி எழுதிக் குடுத்ததைக் கேக்குது.

அதோ, பட்டன் போட்டாச்சு. அய்யா வண்டி வந்துடுச்சுன்னு அர்த்தம். எழுந்து ஓடாதீங்க. அவரு உள்ள போய், கண்ணாடியைத் தொடைச்சு, தண்ணி குடிச்சு, மேசையில இருக்கறதை இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் வச்சு முடிக்கட்டும். பியூன் பேரு சொல்லிக் கூப்பிடுவாரு. உங்க பேரை எழுதிக் குடுத்தாச்சா? நல்லது. உள்ள போனதும் வணக்கம் சொல்லிட்டு, குட்டையில ஆள் குறையுதாமே, என் நிலம் தயாரா இருக்குங்கன்னு சொல்லுங்க. மண்ணைப் பத்தி மூச்சு விடாதீங்க. கையெழுத்து இன்னைக்கே விழும், நான் சொல்றேன். உங்க மச்சானை வாட்ச்மேன் வேலைக்கு வேற ஆள் பார்க்கச் சொல்லிடுங்க.

எனக்கா? எனக்கு இங்க ஒரு வேலையும் இல்லைங்க. மனு எதுவும் கொண்டாரல.

அவரா. அவரு வர மாட்டாரு.

அந்தப் படம் சொன்னேனே, கண்ணை மூடிட்டாருன்னு. அதை மறுபடி எடுக்க வரேன்னு ஒருநாள் காலையிலயே ஆபீஸ்ல இருந்து போன் வந்துச்சு. பலகை நேரா இருக்கணும், பயனாளி பக்கத்துல தயாரா நிக்கணும்னு. இவரு ஆபீஸ் சட்டையைப் போட்டுக்கிட்டாரு. அய்யா உக்கார நாற்காலி எடுத்துட்டு வாடின்னு என்கிட்ட சொல்லிட்டு முன்னாடி போனாரு. அதுக்கு முந்தி அடிச்ச காத்துல பலகை சாஞ்சு, ஷீட்டுல வழுக்கி, தண்ணிக்குள்ள போய் மெதந்துக்கிட்டு இருந்திருக்கு. மரப்பலகைதானே. அய்யா வரதுக்குள்ள எடுத்துடலாம்னு இறங்கியிருக்காரு. நீச்சல் தெரியாத ஆள் இல்ல அண்ணே, கிணத்துல தலைகீழாக் குதிச்சு வளர்ந்தவரு. ஆனா கிணத்துல கல்லு இருக்கும், வேர் இருக்கும், படி இருக்கும். ஷீட்டுல கைக்கு என்ன கெடைக்கும்? நான் நாற்காலியைத் தூக்கிட்டுப் போறப்ப பலகை மட்டும் கரையோரம் ஒதுங்கி நின்னுச்சு. அவரு பேரு மேல் பக்கமா இருந்துச்சு, நல்லாத் தெரிஞ்சுது.

படம் எடுக்க வந்தவரு நல்ல மனுஷன்தான். அவருதான் கத்தி ஆளுங்களைக் கூப்பிட்டாரு, என்னைவிட அவருதான் அழுதாரு. கொட்டகையில தொங்கின மாட்டுக் கயித்தை இடுப்புல கட்டிக்கிட்டு ஒருத்தர் இறங்கித்தான் மேல கொண்டாந்தாங்க. அந்தக் கயிறு அத்தனை நாளும் அங்கயேதான் தொங்கிக்கிட்டு இருந்துச்சு அண்ணே. அதோட ஒரு முனையைக் கரையில ஒரு கட்டையில கட்டி, மறு முனையைத் தண்ணிக்குள்ள விட்டிருந்தா போதும். அதுக்கு மனு வேணாம், கையெழுத்து வேணாம். எந்த ரூம்ல கேக்கறதுன்னு கட்டடம் பூரா அலைஞ்சோமே, நம்ம கொட்டகைக்குப் போய்ப் பார்ப்போம்னு எங்க ரெண்டு பேருக்கும் தோணல. திட்டத்துல எழுதாத ஒண்ணு அந்த மனுஷன் கண்ணுக்குத் தெரியாது. கூட இருந்து இருந்து எனக்கும் தெரியாமப் போச்சு.

அப்புறம் பலகையைத் தொடைச்சு நட்டு, பக்கத்துல என்னை நிக்க வச்சு எடுத்தாங்க. அந்தப் படத்துல ஒரு குறையும் இல்ல, பைலை முடிச்சுட்டாங்க. குட்டையை மூடணும்னு கேட்டுப் பார்த்தேன். வெட்டத்தாம்மா திட்டம் இருக்கு, மூட இல்ல, மூடினா அரசாங்க உதவியைச் சேதப்படுத்தின மாதிரி ஆயிடும்னாங்க. அப்புறம் எனக்கே மனசு மாறிடுச்சு. தண்ணி நல்லாத்தான் நிக்குது, அவரு சொன்ன மாதிரியே. அதுலதான் பயிர் வைக்கிறேன், அதைத் தின்னுக்கிட்டுத்தான் உங்ககிட்ட இவ்வளவு பேசறேன். தவளையை இப்ப நான் எடுத்து விடறேன்.

அதனால மனு வாங்கற கிழமையில வந்து இந்த பெஞ்சுல உக்காந்துடுவேன். நீலக் கலர் அடிச்ச படத்தோட யாராவது வழி தெரியாம நின்னா கூப்பிடுவேன். குட்டை வேணாம்னு நான் யாருக்கும் சொல்றதில்ல. வேணும், கண்டிப்பா வேணும். சொன்னேனே, கடைசியில ஒண்ணு கேப்பேன்னு. இந்தப் பையை எடுத்துக்கங்க. கனமாத்தான் இருக்கும். கயிறு அண்ணே. கை புடிக்கிற தூரத்துக்கு ஒரு முடிச்சா நானே போட்டு வச்சிருக்கேன், பாசியில வழுக்கினாலும் கை நிக்கும். வெல எல்லாம் கேக்காதீங்க. ஷீட் விரிச்ச அன்னைக்கே கட்டிடுங்க, தண்ணி வரட்டும்னு இருக்காதீங்க. கட்டினப்புறம் உங்க பொண்ணை ஒரு தடவை அதைப் புடிச்சு ஏறச் சொல்லிப் பாருங்க. அதுதான் நான் கேக்கறது. சரின்னு சொல்லுங்க.

சரி. போங்க, உங்க பேரைத்தான் கூப்பிடறாரு. கண்ணைத் தொடைச்சுக்கிட்டுப் போங்க, அழுத மூஞ்சியோட போனா கடன் தள்ளுபடின்னு நினைச்சு வேற ஜன்னலுக்கு அனுப்பிடுவாங்க. அப்புறம், பையைக் கால்கிட்ட வச்சுக்கங்க, மேசை மேல வைக்காதீங்க. அய்யா பார்த்தாருன்னா இது எந்தத் திட்டத்துல வருதுன்னு கேப்பாரு.